நூற்று இருபத்தெட்டாவது மறை

எஸ்பியர் துறைமுகத்திலிருந்து மேற்கே
இரண்டு மணி நேரக் கடலில்
இருபத்து மூன்றாம் காற்றாலை.
அதன் இரட்டை கரையில்,
காபி இயந்திரத்துக்கு அடுத்த அறையில்
திரைக்குள் சுற்றுகிறது.
உப்புப் படியாத இறகுகள்,
பறவை எச்சம் விழாத உச்சி.

மெய்நிகர் என்கிறோம் அதை.
மெய் என்றால் உடம்பு.
உண்மைக்கும் அதே சொல்தான்.
எதற்கு நிகர் இது என்று
நான் கேட்டுக்கொண்டதில்லை,
அக்டோபர் வரைக்கும்.

இரட்டைக்குக் கண் கிடையாது.
அதிர்வு, வெப்பம், எண்ணெய் மாற்றிய நாள்,
நாங்கள் சொல்லித்தான் அது தன்னை அறியும்.
சொன்னதெல்லாம் ஒரு பேரேட்டில் ஏறும்.
முந்தைய பதிவின் முத்திரையை
அடுத்த பதிவு பல்லால் கவ்வும்.
எங்கோ ஒரு புள்ளியைச் சுரண்டினால்
அதன்பின் ஒரு பல்லும் பொருந்தாது.
பிரேமனில், ஆலையைச் செய்தவர்களிடம் ஒரு படி.
கோபன்ஹேகனில், காப்பீட்டுக்காரர்களிடம் ஒன்று.
ஒஸ்லோவில், கடன் தந்த வங்கியில் ஒன்று.
இன்னும் எனக்குப் பெயர் தெரியாத நாலு இடங்களில்.
ஒருவரையொருவர் நம்பாத ஏழு பேர்
ஒன்றாக நம்பும் நோட்டு.

அன்று கோபுரத்துக்குள்
நூற்று இருபத்தெட்டு மறையாணிகள்.
ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டே வந்தேன்.
நூற்று இருபத்தேழு முடிந்தபோது
வானொலியில் படகுக்காரர் இவெர்:
"அலை ஒன்றரை மீட்டர், மாரென்.
இறங்கு, இல்லையேல் இரவு அங்கேதான்."
நூற்று இருபத்தேழின் எண்ணையே
இருபத்தெட்டுக்கும் இட்டேன்.
கையொப்பம். பதினான்கு மணி ஏழு நிமிடம்.
ஏணியில் பாதி இறங்குவதற்குள்
ஏழு இடங்களிலும் உறைந்துவிட்டது என் பொய்,
ஓர் எழுத்து சிதையாமல்,
உண்மைக்குக் கிடைக்கும் அதே காவலோடு.

அன்றிரவு புயல். மறுநாளும்.
வீட்டுக் கூரை ஓடு படபடக்கும் போதெல்லாம்
எழுந்து உட்கார்ந்தேன்.
கரையில் இரட்டை பச்சையாக நின்றது.
அதற்கு ஒரு வலியும் இல்லை,
நான்தான் இல்லையென்று சொல்லியிருந்தேனே.
சங்கிலியின் ஒரு வளையத்துக்குக்
கண்ணி என்று பெயர்.
முயல் பிடிக்க வைப்பதற்கும்
அதுதான் பெயர்.

பதினோராம் நாள் கடல் படுத்தது.
வேறு வேலையாகப் போனவள்
சாவியோடு அந்த மூலையில் மண்டியிட்டேன்.
கால் சுற்று.
கால் சுற்று போனபிறகுதான் 'க்ளிக்' என்றது.
அவ்வளவுதான் விஷயம்.
யாரும் செத்திருக்க மாட்டார்கள், ஒருவேளை.
அந்த 'ஒருவேளை'யோடு கரைவரை வந்தேன்.

அழிக்க இடமில்லாத நோட்டில்
செய்ய முடிந்தது ஒன்றே, அடியில் எழுதுவது.
"அக்டோபர் பதினொன்றில் நான் எழுதியதில்
கடைசி எண் நான் அளந்ததல்ல.
இன்று முறுக்கினேன். கால் சுற்று தளர்வு.
மாரென் ஷோல்ட்."

தோர்கில் நாற்காலியைத் திருப்பினான்.
"யார் கேட்டார்கள்?
மறை கழன்றுவிட்டதா உனக்கு?"
"கழன்றுதான் இருந்தது," என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
காப்பீட்டுக்காரர்களின் தொலைபேசி
அதற்குள் அடிக்கத் தொடங்கியிருந்தது.

திரையில் அப்போதுதான் அது நடந்தது.
இரட்டை தன் நாட்களைத்
திரும்ப எண்ணத் தொடங்கியது.
பதினோரு இரவுகள், அந்தப் புயலோடு,
ஓர் ஆணி தளர்ந்த நிலையில்.
நின்றுபோன காற்றை
மறுபடி உடம்பில் வாங்கியது.
அடிவளையத்தில் பச்சை மஞ்சளாகி
கொஞ்சம் சிவந்து
மறுபடி மஞ்சளில் நின்றது.
ஆயுளில் நாற்பது நாள் கழித்துக்கொண்டது.

இப்போது என்னைக் கடலுக்கு அனுப்புவதில்லை.
கிடங்கில் கையுறை எண்ணுகிறேன்,
இடது, வலது, இடது.
மதியம் ரை ரொட்டியைப் பிரித்தபடி
அந்த அறைக் கண்ணாடி வழியே பார்ப்பேன்.
மஞ்சள் இன்னும் இருக்கிறது.
நேற்று நாற்பத்திரண்டு ஜோடி என்று எழுதிவிட்டு
திரும்பப் போய்
இன்னொரு முறை எண்ணினேன்.
நாற்பத்தொன்றுதான்.